போயிருக்கிறேன், ஆனால் இங்கேதான் இருக்கிறேன்!

இந்த வாரம் ஒரே ஒரு கடிதத்தைத்தான் எடுத்துக் கொள்ளப் போகிறேன். மற்றச் சகோதரிகள் கோபித்துக் கொள்ள வேண்டாம். உங்கள் சந்தேகங்களுக்கும் முறை வரும். இந்தக் கடிதத்துக்கு அவசரம் இருக்கிறது. எழுதிய அம்மாளுக்குச் சீக்கிரத்தில் ஒரு பரீட்சை. 58 வயதில் என்ன பரீட்சை என்கிறீர்களா? கடிதத்தையே படித்துப் பாருங்கள்.

"டீச்சரம்மாவுக்கு வணக்கம். நாங்கள் மதுரை அவனியாபுரத்தில் இருக்கிறோம். எங்கள் வீட்டு மொட்டை மாடியில் நின்றால் விமானம் இறங்குவது நன்றாகத் தெரியும். வடகம் காயப் போடும்போதெல்லாம் அண்ணாந்து பார்த்துக் கொண்டிருந்தவள், இப்போது நானே ஏற வேண்டி வந்திருக்கிறது. என் மகள் அமெரிக்காவில் இருக்கிறாள். கல்யாணமாகி ரொம்ப நாள் கழித்து உண்டாகியிருக்கிறாள். தலைப்பிரசவம். நான் போனால்தான் அவளுக்குத் தெம்பு.

"2018-ல் அவர்கள் புது வீடு குடிபோனபோது என் வீட்டுக்காரர் போய் மூன்று மாதம் இருந்துவிட்டு வந்தார். என் மாமியார் அப்போது படுத்த படுக்கை. அதனால் நான் போகவில்லை. போன வருஷம் அவர்கள் காலமாகிவிட்டார்கள். இப்போது விசாவுக்குப் பேட்டி. மகள் தினமும் ராத்திரி வீடியோவில் வந்து, அதிகாரி மாதிரி கேள்வி கேட்டு என்னைப் பழக்குகிறாள். அன்றைக்கு, 'ஹாஸ் யுவர் ஹஸ்பெண்ட் எவர் பீன் டு அமெரிக்கா?' என்றாள். நானும் தைரியமாக, 'எஸ், மை ஹஸ்பெண்ட் ஹாஸ் கான் டு அமெரிக்கா' என்றேன். பக்கத்திலிருந்த மாப்பிள்ளை பக்கென்று சிரித்துவிட்டார். மகள், 'அம்மா, அப்படிச் சொன்னா அப்பா இப்ப அமெரிக்காவுல இருக்காருன்னு அர்த்தம்!' என்கிறாள். அப்பாவோ எனக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து பேப்பர் படித்துக் கொண்டிருக்கிறார். 'நான் இங்கிட்டுத்தானே இருக்கேன்' என்று அவரும் சேர்ந்து சிரித்தார்.

"அன்றிலிருந்து எனக்கு வாயைத் திறக்கவே கூசுகிறது. தமிழில் 'போயிருக்கிறார்' என்றுதானே சொல்கிறோம்? அதைத்தானே நானும் சொன்னேன்? இந்த ஒரு வார்த்தையால் எனக்கு விசா இல்லாமல் போய்விடுமா? வலி எடுக்கிற நேரத்தில் என் பிள்ளை பக்கத்தில் நான் இல்லாமல் போய்விடுவேனோ?"

சகோதரி, கண்ணைத் துடைத்துக் கொள்ளுங்கள். முதலில் ஒன்று சொல்கிறேன். நீங்கள் தப்புச் செய்ததற்குக் காரணம், உங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதது அல்ல. தமிழ் நன்றாகத் தெரிந்திருப்பதுதான். உங்களைப் பார்த்துச் சிரித்தவர்களுக்கு அது தெரியவில்லை.

எப்படி என்கிறீர்களா? நம் வீட்டுப் பேச்சையே கவனியுங்கள்.

"அப்பா எங்கேடா?"

"கடைக்குப் போயிருக்கார்."

அப்பா வீட்டில் இல்லை. கடையில் இருக்கிறார், அல்லது வழியில் யாரோடாவது பேசிக் கொண்டு நிற்கிறார். எப்படியும் இன்னும் வந்து சேரவில்லை.

இன்னொரு பேச்சு:

"உங்க அப்பா காசிக்குப் போனதுண்டா?"

"ஓ! ரெண்டு தடவை போயிருக்கார்."

இந்த அப்பா காசியிலா இருக்கிறார்? இல்லை. கூடத்தில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக் கொண்டிருக்கிறார்.

இரண்டு இடத்திலும் "போயிருக்கார்" என்ற ஒரே சொல்தான். ஒன்றில் ஆள் வீட்டில் இல்லை. மற்றதில் ஆள் எதிரிலேயே இருக்கிறார். நமக்குக் குழப்பமே வருவதில்லை. கேட்ட கேள்வி எது, பேசும் சமயம் எது, ஆள் கண்ணுக்குத் தெரிகிறாரா என்பதையெல்லாம் பார்த்து நாமே புரிந்து கொண்டுவிடுகிறோம். ஒரே டம்ளரில் காபியும் குடிக்கிறோம், ரசமும் குடிக்கிறோம். உள்ளே என்ன இருக்கிறது என்று மூக்குக்குத் தெரியும்.

இங்கிலீஷ்காரர் அப்படியில்லை. அவருக்குக் காபிக்கு ஒரு கோப்பை, ரசத்துக்கு ஒரு கிண்ணம். போனவர் இன்னும் திரும்பவில்லை என்றால் "ஹாஸ் கான்". போனவர் திரும்பிவிட்டார், அல்லது போன அனுபவம் உண்டு என்றால் "ஹாஸ் பீன்". நீங்கள் கிண்ணத்தை மாற்றி நீட்டிவிட்டீர்கள். அவ்வளவுதான் நடந்தது.

இனி இது மறக்காமலிருக்க ஒரு வழி சொல்கிறேன். புஸ்தகம் தேவையில்லை. நம் வீட்டு வாசற்படியே போதும்.

வெளியே கிளம்பும்போது நாம் என்ன சொல்கிறோம்? "போகிறேன்" என்று சொன்னால் பாட்டிக்குப் பொறுக்குமா? "என்னடி அபசகுனமா! போயிட்டு வரேன்னு சொல்லு" என்று வாசலிலேயே நிறுத்தித் திருத்திவிடுவாள். கடைக்குப் போனாலும் "போயிட்டு வரேன்"தான். கண்டம் தாண்டிப் போனாலும் "போயிட்டு வரேன்"தான். யாழ்ப்பாணத்துச் சகோதரிகள் "போயிட்டு வாறன்" என்பார்கள். திரும்பி வருவதையும் சேர்த்துச் சொன்னால்தான் தமிழ் மனசுக்கு நிம்மதி.

அந்த "போயிட்டு வரேன்" என்பதில் இருக்கிற "வரேன்" இங்கிலீஷில் எங்கே ஒளிந்து கொண்டிருக்கிறது தெரியுமா? "பீன்" என்ற அந்தச் சின்னச் சொல்லுக்குள்தான்.

ஆகவே சூத்திரம் இதுதான். இங்கிலீஷில் சொல்வதற்கு முன்னால், தமிழில் "போயிருக்கிறார்" என்பதை எடுத்துவிட்டு "போய் வந்திருக்கிறார்" என்று வைத்துப் பாருங்கள். அர்த்தம் பொருந்தினால் "பீன்". பொருந்தாவிட்டால் "கான்".

"அப்பா கடைக்குப் போய் வந்திருக்கிறார்." பொருந்தவில்லை, அவர் இன்னும் வரவில்லையே. ஆகவே "ஃபாதர் ஹாஸ் கான் டு தி ஷாப்."

"அப்பா காசிக்கு இரண்டு தடவை போய் வந்திருக்கிறார்." அழகாகப் பொருந்துகிறது. ஆகவே "ஃபாதர் ஹாஸ் பீன் டு காசி ட்வைஸ்."

"என் வீட்டுக்காரர் அமெரிக்கா போய் வந்திருக்கிறார்." இதுவும் பொருந்துகிறது. ஆகவே "மை ஹஸ்பெண்ட் ஹாஸ் பீன் டு அமெரிக்கா."

"பீன்" என்பது "இரு" என்ற வினையின் பிள்ளை என்று படித்திருப்பீர்கள். அதனால்தான் காது ஏமாறுகிறது. "ஹாவ் யூ பீன் டு சிங்கப்பூர்?" என்றால், "நீ சிங்கப்பூரில் இருந்தாயா, குடியிருந்தாயா?" என்று கேட்பதாகத் தோன்றுகிறது. இல்லை. "டு" என்ற சொல் ஒட்டிக் கொண்டதும் அது பிரயாணமாகிவிடுகிறது. போய், இருந்து, வந்தது மூன்றும் சேர்ந்த ஒரு சொல் என்று வைத்துக் கொள்ளுங்கள்.

"டு" போய் "இன்" வந்தால் விஷயம் வேறு. "ஐ ஹாவ் பீன் இன் மதுரை ஃபார் தர்ட்டி இயர்ஸ்" என்றால், முப்பது வருஷமாக மதுரையில் இருக்கிறேன், இன்னும் இருக்கிறேன் என்று அர்த்தம். உங்கள் ஊரையே எடுத்துக் கொள்வோம். 2011-ல் அவனியாபுரம் மதுரை மாநகராட்சியோடு சேர்ந்தது. இன்றும் அதில்தான் இருக்கிறது. ஆகவே "அவனியாபுரம் ஹாஸ் பீன் இன் மதுரை கார்ப்பரேஷன் சின்ஸ் 2011." ஊர் எங்கும் போய் வரவில்லை, இருந்த இடத்திலேயே இருக்கிறது.

சரி, "ஐ ஹாவ் கான்" என்று ஒருவர் தம்மைப் பற்றியே சொல்ல முடியுமா? எதிரில் நின்று கொண்டு சொல்ல முடியாது. "நான் போயிருக்கிறேன், இன்னும் திரும்பவில்லை" என்று எதிரில் நிற்பவர் சொன்னால் அது ஆவியாகத்தான் இருக்க வேண்டும்! ஆனால் எழுதி வைக்கலாம். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், இன்னொரு டீச்சரோடு ஒரே அறையில் குடியிருந்தேன். பூட்டுக்குக் கீழே ஒரு சீட்டைச் செருகிவிட்டுப் போவது வழக்கம். "ஐ ஹாவ் கான் டு தி மார்க்கெட். கீ இஸ் வித் தி நெய்பர்." அது சரியான இங்கிலீஷ். அவள் அந்தச் சீட்டைப் படிக்கும்போது நான் அங்கே இல்லையல்லவா? ஒரு நாள் அவசரத்தில் "ஐ ஹாவ் பீன் டு தி மார்க்கெட்" என்று எழுதிவிட்டேன். நான் போய் வந்துவிட்டேன், உள்ளேதான் இருக்கிறேன் என்று நினைத்துக் கொண்டு, பூட்டிய கதவுக்கு முன்னால் அந்தப் பெண் கால் மணி நேரம் என் பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக் கொண்டிருந்தாள்! தெரு முழுக்க வேடிக்கை பார்த்தது. அன்றைக்குப் படித்த பாடம் எனக்கு இன்னும் மறக்கவில்லை.

டெலிபோனிலும் இதே சங்கடம்தான். "ஸார் இருக்காரா?" என்று யாரோ இங்கிலீஷில் கேட்கிறார்கள். அவர் பாங்குக்குப் போயிருக்கிறார். "ஹீ ஹாஸ் கான் டு தி பாங்க்" என்றால், "சரி, அப்புறம் கூப்பிடுகிறேன்" என்று வைத்துவிடுவார்கள். "ஹீ ஹாஸ் பீன் டு தி பாங்க்" என்றால், "நல்லது, போனை அவரிடம் கொடுங்கள்" என்பார்கள்!

இங்கிலாந்தில் இந்தப் "பீன்" இன்னும் ஒரு படி மேலே போகும். "ஹாஸ் தி போஸ்ட்மேன் பீன்?" என்று கேட்பார்கள். தபால்காரர் வந்துவிட்டுப் போய்விட்டாரா என்று அர்த்தம். வந்த வேலையை முடித்துக் கொண்டு திரும்பிவிட்டவருக்கும் "பீன்"தான்.

போவதும் வருவதும் நமக்குத் தெரியாத நுணுக்கம் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். என்னிடமும் உன்னிடமும் என்றால் "வா", "தா". மூன்றாம் மனிதரிடம் என்றால் "செல்", "கொடு" என்று தொல்காப்பியமே பிரித்து வைத்திருக்கிறது. நம் பாஷை ஒரு விதமாகப் பார்க்கிறது; அவர்கள் பாஷை வேறு விதமாகப் பார்க்கிறது. இதில் உயர்வு தாழ்வுக்கு இடமில்லை.

இனி மூன்றாவது ஆள் ஒருவர் இருக்கிறார்: "வென்ட்". அவரையும் கவனித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பேட்டியில் அவர் காலை வாரிவிடுவார்.

"கோ, வென்ட், கான்" என்று பள்ளிக்கூடத்தில் தலையை ஆட்டி ஆட்டி ஒப்பித்தோம். "கோ"வுக்கும் "வென்ட்"டுக்கும் முகஜாடையே இல்லையே என்று என்றைக்காவது யோசித்தோமா? உண்மையில் "வென்ட்" அந்த வீட்டுப் பிள்ளையே அல்ல. "வெண்ட்" என்று வேறொரு பழைய வினை இருந்தது. வழிபற்றிச் செல்வது என்று பொருள். அதன் பிள்ளைதான் "வென்ட்". "கோ"வுக்குத் தன் சொந்த இறந்தகாலம் வேறு ஒன்று இருந்தது. அது வழக்கொழிந்து போகவே, 15-ம் நூற்றாண்டு வாக்கில் இந்தப் பிள்ளை அந்த வீட்டுக்குத் தத்துப் போய்ச் சேர்ந்துவிட்டது.

இந்தத் தத்துப்பிள்ளைக்கு ஒரு குணம் உண்டு. நாள், வாரம், வருஷம் என்று போன காலம் ஏதாவது பேச்சில் வந்துவிட்டால் அவர்தான் வருவார். "ஹாஸ்", "ஹாவ்" இரண்டும் அந்தப் பக்கமே தலை காட்டக்கூடாது. தமிழில் இந்தத் தடை இல்லை. "போன வாரம் அவ சென்னைக்குப் போயிருக்கா, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை!" என்று நாம் குறைப்பட்டுக் கொள்கிறோம். நல்ல தமிழ்தான். அதை அப்படியே "ஷி ஹாஸ் கான் டு சென்னை லாஸ்ட் வீக்" என்று மாற்றினால் இங்கிலீஷ் ஏற்றுக் கொள்ளாது. "ஷி வென்ட் டு சென்னை லாஸ்ட் வீக்" என்றுதான் சொல்ல வேண்டும்.

உங்கள் ஊர் ஜல்லிக்கட்டை வைத்தே பார்க்கலாம். "ஹாவ் யூ பீன் டு தி அவனியாபுரம் ஜல்லிக்கட்டு?" என்று யாராவது கேட்டால், எப்போது என்ற கேள்வி அதில் இல்லை. போய்ப் பார்த்த அனுபவம் உண்டா என்பதுதான் கேள்வி. "எஸ், ஐ ஹாவ் பீன் தேர்" என்று சொல்லலாம். வழக்கமாகத் தை முதல் தேதி நடக்கிற உங்கள் ஊர் ஜல்லிக்கட்டு, 2017-ல் தடை நீங்கிப் பிப்ரவரி 5-ந் தேதி நடந்ததே, அதற்குப் போயிருந்தால்? வருஷம் வந்துவிட்டது. ஆகவே "ஐ வென்ட் இன் 2017." வாடிவாசலைத் தாண்டி ஓடிய காளை எந்தப் பக்கம் போயிற்று என்று தெரியாமல், கயிற்றைக் கையில் வைத்துக் கொண்டு நிற்கிறாரே அதன் சொந்தக்காரர், அவர் என்ன சொல்ல வேண்டும்? "மை புல் ஹாஸ் கான்!" காளை இன்னும் திரும்பவில்லை.

இப்போது உங்கள் பேட்டிக்கு வருகிறேன். உங்கள் பயம் நியாயமானதா?

பாதி நியாயம், பாதி வீண் பயம்.

வீண் பயத்தை முதலில் போக்கிவிடுவோம். உறவினரைப் பார்க்கப் போகிறவர்களுக்கான விசாவுக்கு இங்கிலீஷ் பரீட்சை கிடையாது. வினைச்சொல் தப்பாகிவிட்டது என்பதற்காக யாரும் விசாவை மறுப்பதில்லை. சென்னையில், ஜெமினி மேம்பாலத்துக்குப் பக்கத்தில் இருக்கிற அமெரிக்கத் துணைத் தூதரகத்தில் தமிழிலேயே பேட்டி கொடுக்கலாம். இங்கிலீஷில் பேச மனம் இல்லாவிட்டால் தமிழில் பேசுகிறேன் என்று சொல்லிவிடுங்கள். அதில் வெட்கத்துக்கு இடமில்லை.

நியாயமான பாதி எது? 1952-ம் வருஷத்து அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தில் 214-வது பிரிவின் 'பி' உட்பிரிவு என்று ஒன்று இருக்கிறது. இந்த விசா கேட்டு வருகிற ஒவ்வொருவரும் அங்கேயே தங்கிவிடும் எண்ணத்தோடு வருவதாகத்தான் முதலில் எடுத்துக் கொள்ள வேண்டும். அப்படியில்லை என்று அவர்தான் காட்ட வேண்டும் என்று அது சொல்கிறது. அந்த அதிகாரி எத்தனை கேள்வி கேட்டாலும் அவர் மனசில் இருப்பது ஒன்றே ஒன்றுதான்: இந்த அம்மாள் போவாரா, போய் வருவாரா? "கான்" ஆகிவிடுவாரா, "பீன்" ஆவாரா?

இதை மனசில் வைத்துக் கொண்டு உங்கள் பதிலைத் திரும்பப் பாருங்கள். "மை ஹஸ்பெண்ட் ஹாஸ் கான் டு அமெரிக்கா." கணவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார், மனைவியும் கிளம்புகிறார் என்று ஆகிவிடுகிறது அல்லவா? விண்ணப்பமான டி.எஸ். 160 என்ற படிவத்தில், பெற்றோர் தவிர நெருங்கிய உறவினர் யாராவது அமெரிக்காவில் இருக்கிறார்களா என்று ஒரு கேள்வி இருக்கிறது. கணவர், பிள்ளைகள், உடன்பிறந்தவர் எல்லோரும் அதில் அடக்கம். நீங்கள் மகளின் பெயரை மட்டும் எழுதியிருப்பீர்கள். படிவம் ஒன்று சொல்ல, வாய் வேறொன்று சொன்னால் அதிகாரி நிமிர்ந்து பார்ப்பார். இலக்கணத்துக்காக அல்ல, விஷயம் முரண்படுகிறதே என்பதற்காக. அந்த இடத்தில்தான் இந்தச் சின்னச் சொல் பெரிய சொல்லாகிவிடுகிறது.

ஆகவே உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி மூன்று சின்ன வாக்கியம் வைத்துக் கொள்ளுங்கள். தமிழ் எழுத்திலேயே தருகிறேன். உரக்கச் சொல்லிப் பழகுங்கள்.

"மை ஹஸ்பெண்ட் ஹாஸ் பீன் டு அமெரிக்கா. ஹீ வென்ட் இன் 2018. ஹீ கேம் பாக் ஆஃப்டர் த்ரீ மந்த்ஸ்."

அனுபவத்துக்குப் "பீன்", வருஷத்துக்கு "வென்ட்", திரும்பியதற்குக் "கேம் பாக்". உங்களைப் பற்றிக் கேட்டால், "நோ, ஐ ஹாவ் நெவர் பீன் டு அமெரிக்கா. திஸ் இஸ் மை ஃபர்ஸ்ட் விஸிட்." போதும்.

காதுக்கும் ஒரு எச்சரிக்கை. நமக்குப் பள்ளிக்கூடத்தில் "பீன்" என்று நீட்டிச் சொல்லிக் கொடுத்தார்கள். அது இங்கிலாந்து வழக்கம். அமெரிக்கர் அதைப் "பின்" என்று குறுக்கிவிடுவார். "ஹாவ் யூ எவர் பின்" என்று காதில் விழுந்தால், சேலைக்குக் குத்துகிற பின்னைப் பற்றிக் கேட்கிறார் என்று நினைத்துத் தோளைத் தொட்டுப் பார்க்காதீர்கள்! புரியாவிட்டால், "ப்ளீஸ் ஸே இட் அகெய்ன்" என்று நிதானமாகக் கேளுங்கள். திரும்பக் கேட்பது குற்றமில்லை. புரியாமல் "எஸ்" என்று சொல்லிவைப்பதுதான் ஆபத்து. படிவத்தில் நீங்கள் அமெரிக்காவில் எப்போதாவது இருந்ததுண்டா என்று கேட்கும் இடத்தில் "பீன் இன்" என்று இருக்கும். அங்கே அது, கால் வைத்ததுண்டா என்று மட்டும்தான் கேட்கிறது. உங்கள் பதில் "நோ".

இன்னொரு இடத்திலும் கவனம் வேண்டும். 2018-ல் நீங்கள் ஏன் கணவரோடு போகவில்லை என்று கேட்கக்கூடும். மாமியாரைப் பார்த்துக் கொண்டதைச் சொல்லுங்கள். "மை மதர் இன் லா வாஸ் வெரி இல். ஐ லுக்ட் ஆஃப்டர் ஹெர்." இறந்துவிட்டதை வாய்விட்டுச் சொல்ல நமக்கு மனம் வராது. "அத்தை போயிட்டாங்க" என்போம். அதை "ஷி ஹாஸ் கான்" என்று சொன்னால், "எங்கே போனார்?" என்று அவர் கேட்டுவிடுவார். உங்களுக்கு அழுகை வந்துவிடும். "ஷி பாஸ்ட் அவே லாஸ்ட் இயர்" என்று சொல்லுங்கள். மரியாதையாகவும் இருக்கும், அர்த்தமும் தெளிவாக இருக்கும்.

எல்லாவற்றையும் கிளிப்பிள்ளை மாதிரி ஒப்பிக்க வேண்டாம். கேட்டதற்கு மட்டும், உள்ளதை உள்ளபடி, சுருக்கமாகச் சொல்லுங்கள். விசா கிடைக்கும் என்று நான் வாக்குக் கொடுக்க முடியாது. அது அவர்கள் கையில் இருக்கிறது. வார்த்தை தடம் மாறி உண்மை பொய்யாகத் தோன்றிவிடாமல் பார்த்துக் கொள்வது மட்டும் நம் கையில் இருக்கிறது.

இந்த இடத்தில் சகோதரியின் வீட்டாருக்கும், அவரைப் போன்ற தாய்மார்களின் வீட்டாருக்கும் ஒரு வார்த்தை. ஐம்பது வயதுக்கு மேல் அம்மா ஒரு புது பாஷையில் வாயைத் திறக்கிறாள். அவள் தப்பாகச் சொல்லும்போது நீங்கள் சிரிக்கிறீர்கள். உங்களுக்கு அது ஒரு நிமிஷத்து வேடிக்கை. அவளுக்கோ, மறுநாள் வாயைத் திறப்பதற்கு இன்னும் ஒரு மடங்கு தைரியம் வேண்டியிருக்கிறது. உங்கள் மழலையைக் கேட்டு அவளும் ஒரு காலத்தில் சிரித்தாள், உண்மைதான். ஆனால் சிரித்துவிட்டு உடனே கன்னத்தைக் கிள்ளி, சரியான வார்த்தையைச் சொல்லிக் கொடுத்தாள். நீங்களும் அப்படிச் செய்துவிட்டுச் சிரியுங்கள். யாரும் வேண்டாம் என்று சொல்லமாட்டார்கள்.

மற்ற வாசகியரும் சும்மா இருக்க வேண்டாம். கீழே உள்ள ஆறையும் இங்கிலீஷில் சொல்லிப் பாருங்கள். "போய் வந்திருக்கிறார்" சூத்திரம் கையில் இருக்கட்டும்.

1. "குழந்தைகள் ஸ்கூலுக்குப் போயிருக்கிறார்கள், நாலு மணிக்கு வருவார்கள்."

2. "நான் ராமேஸ்வரத்துக்கு மூன்று தடவை போயிருக்கிறேன்."

3. "மதினி ஊருக்குப் போயிருக்கிறாள், வீடு பூட்டிக் கிடக்கிறது."

4. "நேற்று நாங்கள் மீனாட்சியம்மன் கோவிலுக்குப் போயிருந்தோம்."

5. "நீங்கள் எப்போதாவது இலங்கைக்குப் போயிருக்கிறீர்களா?"

6. "பத்து வருஷமாக என் தம்பி துபாயில் இருக்கிறான்."

விடைகள்: முதலாவதற்கும் மூன்றாவதற்கும் "கான்", போனவர்கள் இன்னும் வரவில்லை. இரண்டாவதற்கும் ஐந்தாவதற்கும் "பீன் டு". நான்காவதில் "நேற்று" வந்துவிட்டது, ஆகவே "வென்ட்". ஆறாவதற்குப் "பீன் இன்". தம்பி இன்னும் அங்கேதான் இருக்கிறான். ஆறும் சரியென்றால் இன்றைக்கு ஒரு காபி அதிகமாகக் குடிக்கலாம். நாலு சரியென்றாலும் குடிக்கலாம்!

அவனியாபுரத்துச் சகோதரிக்குக் கடைசியாக ஒன்று. விசா கைக்கு வந்து கிளம்புகிற அன்றைக்கு, வாசற்படியில் நின்று வீட்டுக்காரரிடம் வழக்கம்போல் "போயிட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். மாடியிலிருந்து எத்தனையோ விமானங்களை நீங்கள் அண்ணாந்து பார்த்தீர்கள். அன்றைக்கு அவர் பார்த்துக் கொண்டிருக்கட்டும். அன்று யாராவது டெலிபோனில் உங்களைக் கேட்டால், "ஷி ஹாஸ் கான் டு அமெரிக்கா" என்று சொல்ல வேண்டியது அவர் பொறுப்பு. அப்போது அதுதான் சரி. அங்கே பேரப்பிள்ளை வளர்ந்து பேச ஆரம்பிக்கும்போது எத்தனையோ இங்கிலீஷ் பேசும். அதற்கு "போயிட்டு வரேன்" என்ற இரண்டு வார்த்தைத் தமிழை மட்டும் நீங்கள் சொல்லிக் கொடுத்துவிடுங்கள். அதை வேறு யாரும் சொல்லிக் கொடுக்க மாட்டார்கள்.

திரும்பி வந்ததும் எனக்கு ஒரு கடிதம் போடுங்கள். முதல் வரி, "ஐ ஹாவ் பீன் டு அமெரிக்கா" என்று இருக்க வேண்டும். தவறி "கான்" என்று எழுதினீர்களோ, உறையில் அமெரிக்கத் தபால் தலை இருக்கிறதா என்று திருப்பிப் பார்ப்பேன்!